அத்திம்பேர் சொல்லி முடிக்கும் வரை

பைக்குலா ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் அத்திம்பேர் குனிந்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நான் பாலக்காட்டிலிருந்து பம்பாய் வந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. அவரும் அக்காவுமாக என்னை ராணி பாக் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். திரும்பும்போது அவர் ஜன்னலுக்குள் கையை நீட்டி, "சயான், தீன்" என்று மூன்று டிக்கெட் வாங்கினார். எங்கள் வீடு இருந்ததோ மாட்டுங்காவில். சயான் அதற்கு அடுத்த ஸ்டேஷன். வண்டி மாட்டுங்காவில் நின்றதும் நாங்கள் இறங்கிவிட்டோம். அடுத்த ஸ்டேஷனுக்கு எதற்காக டிக்கெட் வாங்கினார் என்று நான் கேட்க வாயெடுத்ததும் அக்கா பின்னாலிருந்து என் கையைக் கிள்ளினாள். வீட்டுக்கு வந்து, அவர் கால் அலம்பப் போன சமயத்தில், தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அவருக்கு 'ம' வராதுடி. ஜன்னல்ல இருக்கறவன் காத்துண்டிருப்பானா? பின்னால நிக்கறவா விடுவாளா? அதான் சயான். தாணேலேர்ந்து வந்தா, இந்தண்டை அடுத்தாப்பல இருக்கற தாதர்."

அத்திம்பேர் கோட்டைப் பகுதியில் ஒரு பஞ்சு ஏற்றுமதி ஆபீஸில் கடிதப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தார். வந்த கடிதங்களுக்கு நல்ல ஆங்கிலத்தில் பதில் எழுதுவது அவர் வேலை. காலையில் போய் உட்கார்ந்தால் மாலை வரை வாய் திறக்க வேண்டியதில்லை. அந்த வேலையில் இருந்துகொண்டே படித்து, சரித்திரத்தில் எம்.ஏ. வாங்கியிருந்தார். வீட்டுக்குள் அவருக்குத் திக்கலே இல்லை என்று சொல்லலாம். அக்காவிடமும், நான் வந்து சில நாட்கள் கழிந்த பிறகு என்னிடமும், தண்ணீர் ஓடுவதுபோலப் பேசுவார். தாணேயின் பழைய துறைமுகம் அவர் ஆராய்ந்துவந்த விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய், சேறும் புதருமாகக் கிடந்த கழிக்கரையில் நடந்துவிட்டு வருவார். இரவு சாப்பிடும்போது, கடல் கடந்து வந்த குதிரைகளை எப்படிப் பலகை போட்டு இறக்கியிருப்பார்கள், தரையில் கால் பட்டதும் அவை எப்படி மிரண்டிருக்கும் என்று சொல்லத் தொடங்கினால், நானும் அக்காவும் தட்டில் ரசம் ஆறிப்போவதைக் கவனிக்க மாட்டோம். ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், பேச்சு அறுந்துவிடும். அறிமுகமில்லாத முகம் ஒன்று உள்ளே வந்தால் அவர் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும். சின்ன வயதில் நாக்கில் வசம்பு தேய்த்தார்கள், வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் படிக்கச் சொன்னார்கள், ஒன்றும் பலிக்கவில்லை.

அவருடைய பெயரும் அந்த எழுத்தில்தான் தொடங்கியது. அதனால் அந்த வீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. கணவன் பெயரைச் சொல்லும் வழக்கம் அக்காவுக்கு இல்லை. அவருக்கோ சொல்ல வராது. நான் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுகிறவள். ஆக, வாசலில் பித்தளைப் பலகையில் பளபளவென்று இருந்த பெயரை வீட்டுக்குள் அதுவரை யாருமே உச்சரித்ததில்லை. நானும் இப்போது அதை இங்கே எழுதப்போவதில்லை.

கல்லூரியில் பாடம் சொல்லவேண்டும் என்பது அவருடைய ஆசை. திக்குவாய்க்காரருக்கு எப்படி அந்த ஆசை வந்தது என்று முதலில் எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. குதிரைகளைப் பற்றிக் கேட்ட பிறகு அந்த ஆச்சரியம் போய்விட்டது. நான் வருவதற்கு முன் இரண்டு கல்லூரிகளில் நேர்முகத்துக்குப் போய்த் திரும்பியிருந்தார். இரண்டிலும் முதல் கேள்வி, உங்கள் பெயர் என்ன என்பதுதான். அவர் திணறுவதைப் பார்த்ததும் எதிரே இருந்த ஒருவர் மனுவைப் பார்த்துப் பெயரைத் தாமே படித்துவிட்டார். பிறகு எந்த ஊர், எங்கே படித்தார் என்று ஒவ்வொன்றையும் யாராவது எடுத்துக்கொடுத்துக்கொண்டே வந்தார்கள். அவர் தலையாட்டியதோடு நேர்முகம் முடிந்துவிட்டது. அவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை, எல்லாரும் உதவிதான் செய்தார்கள் என்று அத்திம்பேர் சொல்வார். அந்த உதவியில்தான் அவர் இரண்டு முறையும் மூழ்கிப்போனார்.

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. அந்த வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், சரித்திர ஆசிரியர்களின் மாநாடு ஒன்று பம்பாயில் நடப்பதாக இருந்தது. பல ஊர்களிலிருந்தும் பேராசிரியர்களும் முதல்வர்களும் வருவார்கள். ஆள் தேவைப்படும் கல்லூரிகள், ஒவ்வொருவரையும் தங்கள் ஊருக்கு வரவழைப்பதற்குப் பதில், மாநாட்டில் கட்டுரை வாசிப்புகளுக்கு நடுவே ஏதாவது ஒரு காலி அறையில் உட்கார்ந்து, விண்ணப்பித்தவர்களைப் பார்த்துவிடுவார்கள். அத்திம்பேர் கர்நாடகப் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு எழுதியிருந்தார். மாநாட்டின் இரண்டாம் நாள் வந்து பார்க்கும்படி பதில் வந்தது. அன்று சாப்பிட்டு எழுந்ததும், "இத்தோட சரி. இதுவும் ஆகலைன்னா இனிமே யாருக்கும் எழுதப்போறதில்லை" என்றார். அக்கா பாத்திரத்தை ஒழித்துக்கொண்டே, "இது ஆகட்டும் முதல்ல" என்றாள்.

மறுநாளே அவள் ஏற்பாடுகளைத் தொடங்கிவிட்டாள். கூடத்தில் மூன்று நாற்காலிகள் போட்டாள். நடுவில் நான், எனக்கு இடப்பக்கம் அவள். வலப்பக்க நாற்காலியில் உட்கார ஆள் இல்லாததால் ஒரு தலையணையை நிமிர்த்தி வைத்து அதற்கு அத்திம்பேரின் பழைய குல்லாயை மாட்டினாள். நான் இன்டர்மீடியட் வரை படித்தவள் என்பதால் ஆங்கிலத்தில் கேட்பேன். அக்கா தமிழில் கேட்பாள், அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்லவேண்டும். அக்காவின் கேள்விகள் என்னுடையவற்றைவிடக் கூர்மையாக இருந்தன. நல்ல ஆபீஸ் வேலையை ஏன் விடுகிறீர்கள், பையன்கள் விசிலடித்தால் என்ன செய்வீர்கள், உங்கள் சம்சாரம் பாஷை தெரியாத ஊரில் இருப்பாளா என்றெல்லாம் கேட்பாள். கடைசிக் கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்று நிஜமாகவே காத்திருப்பாள். அவர் எல்லாவற்றுக்கும் அழகாகப் பதில் சொன்னார். பெயரைக்கூட எங்கள் முன்னால் லேசாகத் தயங்கிச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் ஆனதும் அக்கா எழுந்து தலையணையின் குல்லாயைக் கழற்றினாள். "இது பிரயோஜனமில்லை. நம்மகிட்ட இவருக்குப் பயமே இல்லை. தெரியாதவா வேணும்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த எவரும் தப்பவில்லை. அக்கா எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பியோ மோரோ கொடுத்து, எங்காத்துக்காரரிடம் நாலு கேள்வி கேளுங்கள், முதலில் பெயரைக் கேளுங்கள் என்று கேட்டுக்கொள்வாள். வாடகை வாங்க வந்த குஜராத்திக்காரர் பெயரைக் கேட்டார். அத்திம்பேர் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஜானே தோ, சாப்", போகட்டும் விடுங்கள் என்று கையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். மேல்மாடியில் இருந்த ரிடயர்டு போஸ்ட்மாஸ்டர் அதற்கும் மேலே. அத்திம்பேர் எந்தச் சொல்லைத் தொடங்கினாலும் முடிவை அவரே சொல்லிவிடுவார். பாதி நேரம் அது அத்திம்பேர் சொல்ல நினைத்த சொல்லாகவே இருக்காது. ஆனாலும் மரியாதைக்காக அவர் அதையே ஒப்புக்கொள்வார். ஒருநாள் இப்படித்தான் தாணேயைப் பற்றிப் பேசப்போய், தஞ்சாவூர்க் கோயிலைப் பற்றிப் பேசியதாக முடிந்தது. போஸ்ட்மாஸ்டர் திருப்தியாக எழுந்து போனார். அத்திம்பேர் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தாராவியிலிருந்து மாதம் ஒருமுறை கருப்பட்டி விற்க ஒருவர் வருவார். திருநெல்வேலிச் சீமைக்காரர். நல்ல வெயிலில் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தார். அக்கா அவரையும் விடவில்லை. அவர் நாற்காலியில் உட்கார மறுத்து, நிலைப்படிக்குப் பக்கத்தில் சாக்கில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, ஒரு செம்பு மோரையும் குடித்துவிட்டு, "சாமி பேரு என்னா?" என்றார். அத்திம்பேருக்கு உதடு ஒட்டிக்கொண்டது. கண்கள் மூடிக்கொண்டன. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. வழக்கமாக இந்த இடத்தில்தான் யாராவது ஒரு சொல் சொல்லி எல்லாரையும் காப்பாற்றுவார்கள். கருப்பட்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்திம்பேர் கண்ணைத் திறந்து, போதும், விட்டுவிடுங்கள் என்பதுபோலக் கையை எடுத்தார்.

"சும்மா மெதுவா சொல்லுங்க சாமி. வெயில் தாழ்ந்த பொறவுதான் நான் கெளம்பணும்" என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மை. இறங்கிப் போனால் வெயில், இங்கே நிழலும் மோரும் இருந்தன. அதற்குமேல் அந்த வார்த்தையில் எந்தக் கருணையும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அத்திம்பேரின் தோள்கள் தளர்ந்து இறங்குவதை நான் பார்த்தேன். மறுபடி தொடங்கினார். எழுத்து முட்டியது, நின்றது, மறுபடி முட்டியது. கடைசியில் பெயர் முழுவதுமாக வெளியே வந்தது. சமையலறையில் அக்கா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. கருப்பட்டிக்காரர், "நல்ல பேரு. எம் மச்சினனுக்கும் அதே பேருதான். எத்தன சேரு நிறுக்கட்டும்?" என்று சாக்கைப் பிரித்தார்.

அதற்குப் பிறகு அத்திம்பேர் எங்களோடு ஒத்திகை பார்க்கவில்லை. பேச்சு ஒன்றும் சரியாகிவிடவில்லை. மறுநாள் போஸ்ட்மாஸ்டர் இறங்கி வந்து வழக்கம்போல ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்தபோது, அவர் கையைச் சற்றே உயர்த்தி, அந்தச் சொல் இல்லை என்று தலையசைத்து, தம் சொல்லைத் தாமே தேடி எடுத்தார். வெகுநேரம் பிடித்தது. போஸ்ட்மாஸ்டருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அக்கா அவருக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

மாநாடு நடந்த கல்லூரி கடற்கரையை ஒட்டி இருந்தது. அக்காவும் நானும் கூடவே போனோம். நேர்முகம் நடந்த வகுப்பறைக்கு வெளியே நீண்ட வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். அத்திம்பேரைவிட இளையவர்கள் பலர், மடிப்புக் கலையாத கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அரச வம்சங்களை முணுமுணுத்தார். அத்திம்பேர் ஒன்றும் முணுமுணுக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனார். அது வாசலின் நடுப்பகுதியை மட்டும் மறைக்கும் பாதிக் கதவு, மேலும் கீழும் திறந்திருக்கும். அதனால் உள்ளே பேசியது எங்களுக்குக் கேட்டது. ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். அக்காவுக்காக நான் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

முதல் கேள்வி அதேதான். பிறகு அந்த மௌனம். யாரோ ஒருவர் மனுவைப் புரட்டி அவர் பெயரைப் படிக்கத் தொடங்கினார். அத்திம்பேர் கையை உயர்த்தியிருக்கவேண்டும். ஏனென்றால் அந்தக் குரல் பாதியில் நின்றது. வராந்தாவில் எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். அக்காவின் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். பிரார்த்தனை என்று முதலில் நினைத்தேன். உற்றுப் பார்த்தபோது, வாழ்நாளில் அவள் சொல்லியிராத அந்தப் பெயரைத்தான் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே அவரும் சொல்லி முடித்தார். பிறகு, தமக்குத் திக்கும் என்றும், அவர்கள் பொறுத்திருந்தால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியும் என்றும் சொன்னார். அதைச் சொல்வதற்கே வெகுநேரம் ஆயிற்று. அவர்கள் பொறுத்திருந்தார்கள். தாணேயைப் பற்றிக் கேட்டார்கள். அவர் குதிரைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நடுவே நடுவே நின்று நின்றுதான் சொன்னார். ஆனால் குதிரைகள் கரையில் கால் வைத்து மிரண்ட இடத்தில் உள்ளே யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு.

கடைசியில் முதல்வரின் குரல் கேட்டது. வயதானவர் என்று குரலிலேயே தெரிந்தது. உங்கள் படிப்பைப் பற்றி எங்களுக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் வகுப்பில் இளைஞர்கள் எங்களைப்போல உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்றார். எங்கள் நூலகத்தில் ஒரு பதவி இருக்கிறது. நூல்களைக் கவனித்துக்கொண்டு, சரித்திரத் துறைக்குத் தாள் திருத்திக் கொடுத்துக்கொண்டு, உங்கள் ஆராய்ச்சியையும் செய்யலாம். விரிவுரையாளருக்கு உள்ள சம்பளத்தையே தருகிறோம் என்றார். நான் மொழிபெயர்த்ததும் அக்கா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நானும் எல்லாம் கைகூடிவிட்டது என்றே நினைத்தேன்.

அத்திம்பேர் பதில் சொன்னார். அந்த ஒரு பதிலில்தான் அன்று அவருக்கு ஒரு இடத்திலும் திக்கவில்லை.

"வாய் திறக்க வேண்டாத வேலை என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை விடலாம் என்றுதான் இங்கே வந்தேன்."

கை குவித்துவிட்டு வெளியே வந்துவிட்டார். மூவரும் கடலோரச் சுவரை ஒட்டி நடந்தோம். அவர் முன்னால், நாங்கள் பின்னால். வீட்டுக்கு வந்து அக்கா சமைத்தாள், பரிமாறினாள், பேசவில்லை. அவளுக்குக் கோபமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை. நாலைந்து நாள் அப்படியே போயிற்று. ஒரு நாள் காலையில் அவர் ஆபீஸுக்குக் கிளம்பி வாசலுக்குப் போனபோது, பின்னாலேயே போய்க் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த லைப்ரரி வேலையை எடுத்துண்டிருந்தா, அங்க சந்தோஷமா இருந்திருப்பேளா?"

"இல்லை."

"பையன்கள் கூச்சல் போடற வகுப்பில?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "தெரியலை. அங்க பயமா இருக்கும். ஆனா அங்கதான் போகணும்னு இருக்கு."

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே வந்தாள். அன்று மாலை கூடத்திலிருந்து மறுபடி தாணேப் பேச்சு கேட்டது.

கோடைக்காலத்தில், நாங்கள் அந்தப் பேச்சையே விட்டுவிட்ட பிறகு, அந்த முதல்வர் கைப்பட எழுதிய கடிதம் வந்தது. மாநாட்டிலிருந்து ஊருக்குத் திரும்பியதிலிருந்து அந்தப் பதில் தம் மனத்தை விட்டுப் போகவில்லை என்று எழுதியிருந்தார். ஒரு பருவம் மட்டும் வகுப்பெடுத்துப் பாருங்கள், இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவராவிட்டால் வருத்தமில்லாமல் பிரிந்துகொள்வோம் என்பதுதான் செய்தி. ஆபீஸில் விடுப்புத் தரமாட்டார்கள், வேலையை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அத்திம்பேர் தயங்கினார். அக்கா தயங்கவில்லை. பித்தளைப் பலகையைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

அவர்கள் போன பிறகு நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு விடுதியில் தங்கினேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் எண் கேட்கிற வேலை. எதிர்ப்பக்கம் கொஞ்சம் மௌனம் வந்தால் துண்டித்துவிட்டு அடுத்த அழைப்புக்குப் போகச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் மட்டும் சற்று அதிகம் காத்திருப்பேன். மேற்பார்வைக்கு இருந்த அம்மாள் அதற்காக என்னைப் பலமுறை கண்டித்திருக்கிறாள்.

அக்காவிடமிருந்து வந்த ஆரம்பக் கடிதங்கள் நன்றாக இல்லை. பையன்கள் மேஜையைத் தட்டினார்கள். அவரைப்போலவே திக்கிக் காட்டினார்கள். ஒரு நாள் கரும்பலகை முழுவதும் அவர் பெயரின் முதலெழுத்தை வரிசையாக எழுதிவைத்திருந்தார்களாம். அவர் அதை அழிக்கவில்லை, யார் எழுதியது என்று கேட்கவும் இல்லை. கீழே மிச்சமிருந்த இடத்தில் அன்றைய பாடத்தின் தலைப்பை எழுதிவிட்டுத் தொடங்கினாராம். வீட்டுக்கு வந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று அக்கா எழுதியிருந்தாள். பருவம் முடியும்போது பெட்டியைக் கட்டத் தயாராக இருந்தாள். கட்டவேண்டி வரவில்லை.

இப்போது நான் பம்பாயிலேயே, செம்பூரில் இருக்கிறேன். அவர்கள் இருவரும் போய் வெகுகாலம் ஆகிறது. வயதாகிவிட்டதால் எனக்கும் பேச்சில் நடுவே சொல் வழுக்கிவிடுகிறது. நன்றாகத் தெரிந்த பாத்திரத்தின் பெயர், எதிர்வீட்டுக்காரியின் பெயர், சட்டென்று வராது. என் பேத்தி உடனே எடுத்துக் கொடுத்துவிடுவாள், அன்பால்தான். ஹிந்தியில் கொடுப்பாள், இங்கிலீஷில் கொடுப்பாள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். நான் தலையாட்டிவிடுவேன். இந்த நகரத்தில் யாருக்குத்தான் நேரம் இருக்கிறது. அப்படித் தலையாட்டும்போதெல்லாம் எனக்கு அத்திம்பேர் இருந்த அந்த ஊர் நினைவுக்கு வருகிறது.

அவர்கள் போன மறுவருஷம் நான் விடுமுறை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அக்கா என்னைக் கல்லூரி பார்க்க அழைத்துப் போனாள். பழைய கருங்கல் கட்டடம், மழைக்கால ஈரம். மாடி வராந்தாவில் நடந்தபோது அவர் குரல் கேட்டது. நாங்கள் ஜன்னலுக்கு அப்பால், தூண் மறைவில் நின்றோம். வகுப்பு நிறையப் பையன்கள், முன்வரிசையில் சில பெண்கள். அவர் ஏதோ ஒரு போரின் காரணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லில் வந்து முட்டிக்கொண்டார். உதடு ஒட்டிக்கொண்டது, கண் மூடிக்கொண்டது. பம்பாயில் நான் பார்த்த அதே முகம். ஒருவனும் சிரிக்கவில்லை, மேஜை தட்டவில்லை, சொல்லை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. எழுதுவதற்கு வாகாகப் பேனாவைத் தாளில் வைத்தபடி அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசைக்காரன் ஒருவன் மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டான். கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

சொல் வந்தது. பேனாக்கள் ஓடின. அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போனார், நாங்கள் சத்தம் போடாமல் படியிறங்கினோம்.